கேட் பாஸ் வாங்காத ஆடுகள்

முதன்முதலா அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி கேட்டுக்குள்ள இருந்து ஆடு வெளியே வந்தப்ப நான் அடுப்புல இருந்து பப்ஸ் தட்டை இறக்கிக்கிட்டு இருந்தேனுங்க, அதனால முதல் ஆட்டை நான் பாக்கல, நாலாவதோ அஞ்சாவதோ வரும்போதுதான் தலையைத் தூக்கினேன். வேலையை விட்டு அனுப்பிச்ச பையன் ஒருத்தன், கழுத்துல கார்டு இல்லாம, முதுகுல பையோட, சத்தி ரோட்டைப் பாத்துத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடந்து வர்றான், அவன் பின்னால வெள்ளாடுங்க, கண்ணாடிக் கதவைத் தாண்டி, கார் நிக்கிற இடத்தைத் தாண்டி, புல்லு வெச்ச இடத்துல ஒரு வாய் கூட மேயாம, ஒண்ணு பின்னால ஒண்ணா வந்துக்கிட்டே இருக்குதுங்க. செக்யூரிட்டி சின்னராசு ஓடிப்போய்க் குறுக்கே நின்னு, உள்ளே இருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் கேட் பாஸ் வேணும், இதுக்கு எங்கேன்னு கேட்டார். பையன் திரும்பிப் பாத்துட்டு, "இது என்னோடது இல்லீங்கண்ணா"ன்னான். ஆடுங்க சின்னராசு காலுக்கு நடுவுல பூந்து வந்துருச்சுங்க.

எங்க பேக்கரி கேட்டுக்கு நேர் எதிர்ல. சரவணம்பட்டியில அந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டின காலத்துல இருந்தே நானும் ஊட்டுக்காரரும் இங்க இருக்கோம். அவருக்கு அடுப்பு, எனக்கு டீயும் கல்லாவும் வாயும். என்ற பேரு சுலோசனா, அங்க வேலை பாக்கிற அத்தனை பேருக்கும் சுலோசனாக்கா. அந்தப் பையன் எங்க பெஞ்சுல உக்காந்து டீயைக் குடிக்காமக் கையிலயே வெச்சிருந்தான், ஆடுங்க சுத்தி நின்னுச்சுங்க, அதுல காது கிழிஞ்ச கிடா ஒண்ணு வந்து அவன் முழங்கால்ல தலையால முட்டுச்சு. சித்த நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தவன், "அக்கா, இதை எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு ஊருக்குப் போகாம உக்காந்து சரி பண்ணிக் குடுத்தேனே, அந்த புரோகிராம் இது"ன்னான். அப்புறம் ஒவ்வொண்ணையும் தடவிப் பாத்து, இது இன்ன வேலை, அது இன்ன வேலைன்னு சொல்லிக்கிட்டே வந்தான், சொல்லச் சொல்ல அவன் முதுகு நிமிந்துச்சு. அப்படித்தானுங்க எங்களுக்கெல்லாம் விஷயம் தெரிஞ்சுது. உள்ள உக்காந்து ஒருத்தர் மனசு வெச்சுப் பண்ணி, எங்கேயோ யாருக்கோ உதவின வேலை ஒவ்வொண்ணும், அவரை வெளியே அனுப்பற அன்னிக்கு ஆடாகி அவர் பின்னாலயே வந்துருது. ஏன் ஆடு, ஏன் மாடு இல்லைன்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. மாடா இருந்திருந்தா சத்தி ரோடு தாங்கியிருக்காது.

அந்த மாசம் பூராவும் ஆள் போய்க்கிட்டே இருந்தாங்க, ஆடு வந்துக்கிட்டே இருந்துச்சு, ஊரும் அதுக்குத் தக்கன இடம் குடுத்துருச்சு. லேடீஸ் ஹாஸ்டல்காரம்மா ஒரு கட்டிலுக்கு ரெண்டு ஆடுதான்னு போர்டு எழுதி மாட்டிட்டு, மூணாவது ஆட்டைக் கண்டும் காணாம விட்டாங்க. அபார்ட்மெண்டு சங்கத்துல கூட்டம் போட்டு, ஆடுங்க சாமான் ஏத்தற லிஃப்ட்டுலதான் போகணும், மனுசங்க போற லிஃப்ட்டுல ஏறக்கூடாதுன்னு தீர்மானம் பண்ணினாங்க. ஆட்டோக்காரங்க பின் சீட்டைக் கழட்டிட்டு ஓட்டினாங்க, காய்கறிக் கடையில காலிபிளவர் தழையைத் தூக்கிப் போடாம சாக்குல கட்டி வெச்சாங்க, நான் பிரெட்டுல அறுத்த ஓரத்தையெல்லாம் ஒரு டின்னுல சேத்து வெச்சேன். கல்யாணத் தரகர் ஜாதகத்தோட ஆட்டுக் கணக்கையும் சேத்துச் சொல்ல ஆரம்பிச்சார். கறிக்கடை பாய் மட்டும் அந்த ஆட்டு மேல கை வைக்கவே மாட்டேன்னுட்டார், "அது படிச்ச ஆடு, நமக்கு வேண்டாம்"னு.

கம்பெனிக்காரங்களும் சும்மா இருக்கல. உள்ளே பண்ணின வேலை கம்பெனிக்குத்தான் சொந்தம், அதனால ஆடும் கம்பெனிக்குத்தான் சொந்தம்னு எல்லாருக்கும் மெயில் போட்டு, ஒரு நாள் லாரி வெச்சு வீடு வீடாப் போய்ப் பிடிச்சுக்கிட்டு வந்து, கட்டடத்துக்கு அடியில கார் நிறுத்தற இடத்துல அடைச்சாங்க. விடிஞ்சு பாத்தா ஆடுங்க லிஃப்ட்டுக்காக வரிசையில நின்னு, இறங்கறவங்களுக்கு வழி விட்டு, ஏறி, மேல வந்து, நேரா அவங்கவங்க வீட்டு வாசலுக்குப் போய்ச் சேந்துருச்சுங்க. அதுக்கு மேல கம்பெனியும் அந்தப் பேச்சை எடுக்கல.

இதுல கேளுங்க, கம்பெனி சொன்னது என்னன்னா, நாங்க யாரையும் காரணமில்லாம அனுப்பல, வேலை சரியில்லாதவங்களை மட்டும்தான் அனுப்பறோம்னு. ஊரும் முதல்ல அப்படித்தான் நினைச்சுது. அப்புறம் பாத்தா, வேலை சரியில்லைன்னு எழுதிக் குடுத்து அனுப்பிச்ச அம்மா பின்னால வந்த மந்தை ரோட்டை அடைச்சு, பஸ்ஸுங்க ஆரன் அடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ரொம்பக் கெட்டிக்காரர்னு முன்னொரு வருசம் மேடையில ஏத்திக் கேடயம் குடுத்தாங்களே, அவரை அனுப்பிச்சப்ப ஒரே ஒரு கிழட்டு ஆடு, அதுவும் வேண்டா வெறுப்பா வந்துச்சு. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் சம்பந்தமே இல்லீங்க. மந்தையைப் பாத்துட்டுத் தப்புப் பண்ணிட்டோம்னு ஒருத்தரையாவது திருப்பிக் கூப்பிட்டாங்களான்னா, அதுவும் இல்லை. ஆனா மத்த கம்பெனிக்காரங்க உஷாரானாங்க. சின்னக் கம்பெனி ஒண்ணு நடத்தற கிருபாகரன்னு ஒருத்தர் தினமும் வந்து என்ற கடையில டீ வாங்கிக்கிட்டு கேட்டையே பாத்துக்கிட்டு நிப்பார். மந்தை பெருசா வந்தா அங்கேயே கை குடுத்து வேலைக்குக் கூப்பிடுவார், சின்னதா வந்தா டம்ளருக்குள்ள பாத்துக்குவார்.

இப்ப கோகிலவாணி கதைக்கு வர்றேன், நான் சொல்ல வந்ததே அதுதானுங்க.

அவங்க டீம் தினமும் நாலு மணிக்கு நம்ம பெஞ்சுக்கு வரும். டீம் லீடு ஞானசேகர் சார், கோகிலவாணி, ரியாஸ், சம்பத்து, இன்னும் ஒண்ணு ரெண்டு பேர். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில நோயாளிக்கு எந்த மாத்திரையை எத்தனை மணிக்குக் குடுக்கணும்னு நர்ஸம்மாவுக்குக் காட்டற புரோகிராம்தான் அவங்க வேலை. டீக்குக் காசு குடுக்கறது ஆளுக்கு ஒரு நாள், முறை வெச்சுக் குடுப்பாங்க. அதே மாதிரி அவங்ககிட்ட இன்னொரு முறையும் இருந்துச்சு, அது இந்தப் பெஞ்சுக்கு மட்டும்தான் தெரியும். வருசா வருசம் வேலைக்கு மார்க்குப் போடறப்ப டீம்ல ஒருத்தரை மேல போடணும், ஒருத்தரைக் கடைசியில போடணும்னு கம்பெனி சட்டம், எல்லாருமே நல்லாப் பண்ணியிருந்தாலும் ஒருத்தர் கடைசியில இருந்தே ஆகணும். ஞானசேகர் சாருக்கு மனசு கேக்கல. முதல் வருசம் அந்த ஒரு பேரை எழுத முடியாம இங்க உக்காந்து பன்னைப் பிச்சுப் பிச்சு வெச்சுக்கிட்டு இருந்தார். அப்ப கோகிலவாணிதான் சொன்னா, "சார், டீக்குக் குடுக்கற மாதிரியே பண்ணிக்கலாமே. மேல ஒரு முறை, கீழ ஒரு முறை. யாருக்கும் வருத்தமில்லை." அன்னையில இருந்து அதுதான் வழக்கம். கல்யாணம் வெச்சிருக்கறவங்களுக்கு மேல் முறை முன்னாடி வரும், வீட்டுல கஷ்டம்னா கீழ் முறை தள்ளிப் போகும். அவ்வளவு அன்பா நடந்துச்சுங்க அது.

இந்த வருசம் கீழ் முறை ரியாஸோடது. ஆனா தை மாசம் அவங்க வாப்பா தவறிட்டார். பையன் ஆபீசுக்கு வருவான், கம்ப்யூட்டரைத் திறப்பான், அப்படியே உக்காந்திருப்பான், டீ குடிக்க வந்தாலும் டீ மேல ஆடை கட்டற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருப்பான். மார்ச் மாசம் பேர் எழுதற அன்னிக்கு கோகிலவாணி, "இந்த வருசம் நான் எடுத்துக்கறேன் சார். ரியாஸ், நீ அடுத்த வருசம் எடுத்துக்கோ"ன்னா. ரியாஸ் வேண்டாம்க்கான்னான். "டேய், இது என்ன பெரிய விஷயம், ஒரு பேர்தானே"ன்னு சொல்லிட்டு, அன்னிக்கு டீக்கும் அவளே குடுத்துட்டுப் போனா. மேல் முறை சம்பத்தோடது. சம்பத்து மனசு தங்கம், ஆனா வேலை நேரத்துல கிரிக்கெட்டு பாக்கற பையன்.

ஆள் அனுப்ப ஆரம்பிச்ச அந்த ஜூலையில, கடைசியில எழுதின பேரையெல்லாம் ஒட்டுமொத்தமா எடுத்தாங்க. கோகிலவாணி பேரும் போச்சு.

அவளை அனுப்பற அன்னிக்கு நான் ரெண்டு டின்னு பிரெட் ஓரம் எடுத்து வெச்சேன். ஆட்டோக்காரங்க ரோட்டை மறிக்கத் தயாரா நின்னாங்க. அவ உழைப்பு எங்களுக்குத் தெரியும்ங்க, எங்க ஊட்டுக்காரர் கூட அடுப்பை விட்டுட்டு வெளியே வந்துட்டார், கிருபாகரன் டீயைக் கீழ வெச்சுட்டார். கதவு திறந்துச்சு, கோகிலவாணி வந்தா. பின்னால ஒண்ணும் இல்லை. சித்த நேரம் கழிச்சு ஒரு குட்டி, முன்னங்கால் ஒண்ணை ஊன முடியாம, நொண்டிக்கிட்டு வந்துச்சு. அதால அவ நடைக்கு ஈடு குடுக்க முடியல. சத்தம் கேட்டுத் திரும்பினவ, கேட்டு வரைக்கும் திரும்பி நடந்து, அதைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு வந்தா. சின்னராசு முகத்தைத் திருப்பிக்கிட்டார். கிருபாகரன் டம்ளரைக் கையில எடுத்துக்கிட்டார்.

அப்புறம் ஊர் வாயைக் கேக்கணுமா. அந்தக் கம்பெனி சொன்னதை நம்பாம ஆட்டைப் பாத்த ஊரு, இப்ப ஆட்டை அப்படியே நம்புச்சு. நாலு பேர் என்ற கடையிலயே உக்காந்து, "பாவம், நல்ல பொண்ணு, ஆனா வேலையில ஒண்ணும் இல்ல போல"ன்னாங்க. அவங்களுக்கு அன்னிக்கு ஆறின டீதான் ஊத்தினேன்.

பின் வீதியில மாடி வீடு அவளுது. வீட்டுக்காரர் தினகரன் பம்ப்செட் கம்பெனியில இருக்கார், தங்கமான மனுசன். பொண்ணு மூணாவது படிக்குது, அது குட்டிக்கு மிக்சர்னு பேர் வெச்சு, போர்வையெல்லாம் குடுத்து வெச்சுக்கிச்சு. கோகிலவாணிதான் உடைஞ்சு போயிட்டா. பன் குடுக்கப் போன அன்னிக்கு என்னைப் பாத்து, "அக்கா, நான் இத்தனை வருசமா வேலை செஞ்சதா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். ஒண்ணுமே செய்யலையாட்ட இருக்குது. ஒரு குட்டி, அதுவும் நொண்டி"ன்னா. வேற எடத்துல வேலைக்கு எழுதிப் போடேன் கண்ணுன்னேன். "எழுதறதுக்கு என்ன இருக்குதுங்க்கா"ன்னு கேட்டுட்டு, துவைச்ச துணியையே மறுபடி ஊற வெச்சா. கம்பெனி தப்பாச் சொன்னா பரவாயில்லைன்னு விட்டுறலாம், அவளே அவளைப் பத்தி அப்படிச் சொல்றதைக் கேக்க முடியலைங்க.

மறுநாள் ரியாஸ் தனியா வந்தான். பெஞ்சுல உக்காராம அடுப்புப் பக்கமா வந்து நின்னான்.

"அக்கா, அந்த ஆடெல்லாம் எங்கிட்ட இருக்கு."

"எந்த ஆடுடா?"

"கோகிலாக்காவோடது. உள்ளே ஆடு கண்ணுக்குத் தெரியாதுக்கா. ஆனா அவங்கவங்க சீட்டுல உக்காந்து சும்மா இருந்தா காலுக்கடியில மணிச் சத்தம் கேக்கும், எல்லாருக்கும் கேக்குது, யாரும் வெளியே சொல்றதில்லை. எனக்கு ஒரு மந்தையே கேக்குது. நான் அவ்வளவு வேலை பண்ணவே இல்லைக்கா."

அப்புறம் சொன்னான். வாப்பா போன பிறகு அவனால ஒரு வரி எழுத முடியல. கோகிலவாணி தன்னோட வேலையை ஓரமா ஒதுக்கிட்டு, அவன் வேலையை உக்காந்து முடிச்சு, யாரும் அவனைக் கேள்வி கேட்டுறக் கூடாதுன்னு எல்லாத்துலயும் அவன் பேரையே போட்டிருக்கா. அதுக்கு முந்தின வருசம் அவன் பொண்டாட்டி நஸ்ரின் பிரசவத்துக்குப் படுத்திருந்தப்பவும் அப்படித்தான், அவன் வேலைக்குச் சேந்த புதுசுலயும் அப்படித்தான். உள்ளே இருக்கற வரைக்கும், வேலையில யார் பேர் போட்டிருக்கோ அவங்க காலுக்கடியிலதான் ஆடு படுக்கும் போல.

"அப்ப வேலையை விட்டுட்டு வெளியே வாயேன், ஆடும் வந்துரும்"னேன், அறிவில்லாம.

"தானா விட்டுட்டுப் போறவங்க பின்னால ஆடு வராதுக்கா. ஒருத்தன் போனான், வெறும் ஆளாத்தான் போனான். அவங்களா அனுப்பணும்."

அவங்களா அனுப்பற நாளும் வந்துச்சு. டீமுக்கு இன்னும் ஒரு பேர் குடுக்கணும்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. நாலு மணிக்கு எல்லாரும் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க, யாரும் டீ கேக்கல, நானாத்தான் ஊத்தி வெச்சேன். சம்பத்து சொன்னான், "என் பேரைப் போடுங்க சார். நான் என்ன கிழிச்சேன்னு எனக்கே தெரியும்." ஞானசேகர் சார் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "போட்டுப் பாத்தேன்ப்பா, கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது. இந்த வருசம் நீதான் டீம்லயே கெட்டிக்காரன்"னார். சிரிப்பு வந்துருச்சுங்க எல்லாருக்கும், அந்த நேரத்துலயும். அது அடங்கினதும் ரியாஸ் சொன்னான்.

"அடுத்த வருசம் என் முறைதானே சார். கொஞ்சம் முன்னாடியே போட்டுக்குங்க."

"நஸ்ரின்கிட்ட கேட்டியாப்பா?"

"கேட்டேன். அவதான் சொன்னா, அடுத்தவங்க ஆட்டை எத்தனை நாளைக்குக் காலுக்கடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்கன்னு."

போகும்போது எங்கிட்ட மட்டும் மெதுவாச் சொன்னான், "கேட்டைத் தாண்டினா அதுங்களுக்கு யாரோடதுன்னு தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியலக்கா. தெரியலைன்னா நானே ஓட்டிக்கிட்டுப் போய் அவங்க வீட்டுல விட்டுட்டு வந்துருவேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனை அனுப்பிச்சாங்க. கதவு திறந்ததும் முதல்ல மணிச் சத்தம்தான் வந்துச்சு, அப்புறம் அவன் வந்தான், அவன் பின்னால கறுப்பும் வெள்ளையும் செவலையுமா, கிடாவும் பெட்டையும், கொம்பு வெச்சதும் வெக்காததும், கதவு மூட நேரமில்லாம, கார் ஒண்ணும் நகர முடியாம, வந்துக்கிட்டே வந்துக்கிட்டே வந்துக்கிட்டே இருந்துச்சுங்க. அந்த ரோடு அப்படி ஒரு மந்தையைப் பாத்ததில்லை. சின்னராசு கேட்டை முழுசாத் திறந்து விட்டுட்டு சல்யூட் அடிச்சார். கிருபாகரன் ஓடிப்போய் ரியாஸ் கையைப் பிடிச்சு, "எப்ப சேர்றீங்க?"ன்னார். ரியாஸ் கையை உருவிக்கிட்டு, "நில்லுங்க சார், அதுங்க என்ன பண்ணுதுன்னு பாப்போம்"னான்.

அவன் நம்ம கடை வாசல்ல நின்னான். ஆடுங்க நிக்கல. அவனைத் தண்ணி சுத்திக்கிட்டுப் போற மாதிரி ரெண்டு பக்கமும் சுத்திக்கிட்டு, என்ற பிரெட் ஓரத்தைத் திரும்பிக் கூடப் பாக்காம, நேராப் போய், பின் வீதியில திரும்பிச்சுங்க. ரியாஸ்கிட்ட ஒரு அஞ்சாறுதான் நின்னுச்சு. அவன் அதுல ஒண்ணோட கழுத்தைக் கட்டிக்கிட்டு, "இது நான் பண்ணினதுதான்க்கா, இது நெசமாவே நான் பண்ணினது"ன்னான். பேக்கரியில உக்காந்திருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு ரோட்டுக்கு வந்துட்டாங்க.

நான் டீத்தூக்கை எடுத்துக்கிட்டு ஓடினேன். கோகிலவாணி மாடிப்படியில நின்னுக்கிட்டு இருந்தா, கையில பிழியாத துணி, தண்ணி சொட்டுது. ஆடுங்க படி மேல ஏறி, அவளைத் தாண்டி, மொட்டை மாடியெல்லாம் நிறைஞ்சு, மிச்சம் வீதியில நின்னுச்சு. மிக்சர் கத்திக்கிட்டே நொண்டி நொண்டி இறங்கி வந்து, கறுப்புப் பெட்டை ஒண்ணுக்கு அடியில பூந்து மடியை முட்டி முட்டிப் பால் குடிச்சுது. அது தாயில்லாக் குட்டின்னு நாங்க நினைச்சிருந்தோம். அந்தக் கறுப்பு ஆட்டைப் பாத்ததும் கோகிலவாணி படியிலயே உக்காந்துட்டா.

"இது ராத்திரி ரெண்டு மாத்திரை சேத்துக் குடுத்துறாம நிறுத்தறது. இதுக்குத்தான் மாசக் கணக்கா உக்காந்தேன். மிக்சர் இதுல கடைசியாப் பண்ணின சின்ன வேலை, அதை மட்டும்தான் என் பேர்ல போட்டேன்"னா, யாருக்குச் சொல்றான்னு இல்லாம. அப்புறம் பக்கத்துல நின்னதைத் தொட்டா. "இது குழந்தைங்களுக்கு எடை பாத்து மருந்து அளவு சொல்றது. இது, கரண்டு போனாலும் நேரம் மறக்காம இருக்கறது." ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டுச் சொன்னா, அழுதுக்கிட்டேதான் சொன்னா, ஆனா குரல் பழைய குரலா வந்துருச்சு. கீழ ரியாஸ் நிக்கிறதைப் பாத்ததும் நிறுத்தினா.

"டேய், உன் முறை அடுத்த வருசம்தானே?"

"கொஞ்சம் முன்னாடியே எடுத்துக்கிட்டேன்க்கா."

அவ கையில இருந்த துணியை நல்லாப் பிழிஞ்சு, கொடியில போட்டுட்டு, இறங்கி வந்து அவன் தலையில ஒரு தட்டு தட்டினா.

திங்கக்கிழமை வேலைக்குப் பேச கிருபாகரன் ஆபீசுக்கு ரெண்டு பேரும் ஒரே வண்டியில போனாங்க. அவரு முதல் கேள்வியே, "ஆடெல்லாம் எங்கம்மா?"ன்னு கேட்டாராம். "அதுங்க மேயுதுங்க சார். நான் வந்திருக்கேன், என்கிட்ட கேளுங்க"ன்னாளாம் கோகிலவாணி. ரியாஸ்தான் வந்து சொன்னான், சொல்லும்போது அவனுக்கு அப்படி ஒரு பெருமை. என்ன கேட்டாங்க, என்ன ஆச்சுன்னு எல்லாம் அப்புறம் சொல்றேன்னுட்டு, ரெண்டு பேரும் அந்தப் பெஞ்சுல உக்காந்து, இன்னிக்கு டீக்கு உன் முறை, இல்லை உங்க முறைன்னு சண்டை போட ஆரம்பிச்சாங்க. நான் நடுவுல பூந்து, இன்னிக்கு என்ற முறைன்னு சொல்லிட்டு, ரெண்டு டம்ளரையும் நிறைய ஊத்தினேனுங்க.